பூசணித் தயிர்: தண்ணீரை விரட்டினால் போதும்

தம்பி, ஆகஸ்டில் அமெரிக்கா வந்தேன், குளிர் ஆரம்பிச்சதிலிருந்து காலையில் வெறும் காபியோடு வகுப்புக்கு ஓடுறேன்னு எழுதியிருந்தீங்க. கடையெல்லாம் பூசணியா குவிஞ்சு கிடக்கே, அதை வெச்சுக் காலைச் சாப்பாட்டுக்கு ஏதாவது செய்ய முடியுமான்னும் கேட்டிருந்தீங்க. தாராளமா முடியும். இலை பழுக்க ஆரம்பிச்சதும் எங்க வீட்டு ஃபிரிட்ஜில் பூசணித் தயிர் வந்து உட்கார்ந்திடும். ராத்திரி பத்து நிமிஷ வேலை, காலையில் கரண்டி மட்டும் போதும்.

முதல்ல எந்தப் பூசணின்னு சொல்லிடறேன். அக்டோபர் 31 ஹாலோவீன் பண்டிகைக்குச் செதுக்குற பெரிய ஆரஞ்சுப் பூசணியை வாங்காதீங்க. நான் இங்கே வந்த வருஷம் அதைத்தான் வாங்கி வேகவெச்சேன். நாரும் தண்ணியுமா, ருசியே இல்லாமப் போச்சு. உங்களுக்கு டின் பூசணிதான் சரி. இங்கே டின்னில் அடைக்கிற பூசணியில் பெரும்பங்கு இல்லினாய் மாநிலத்தில் விளையுது. அதிகமா அடைக்கிற ரகம் வெளித்தோல் பழுப்பா இருக்கும். நம்ம பரங்கிக்காயும் அதுவும் ஒரே இனம், ஹாலோவீன் பூசணி வேற இனம். அதனாலதான் டின்னைத் திறந்ததும் அந்த வாசனை நமக்குப் பழகினதா இருக்கு.

வாங்கும்போது பொருள் பட்டியலைப் படிங்க. பூசணின்னு ஒரே ஒரு வார்த்தைதான் இருக்கணும். பக்கத்திலேயே அதே மாதிரி டின்னில் 'பம்ப்கின் பை மிக்ஸ்' இருக்கும். அதில் சர்க்கரையை முன்னாடியே கொட்டியிருப்பாங்க, அது வேண்டாம்.

இப்போ முக்கியமான விஷயம். அடுக்கு அடுக்கா நிக்கணும்னா தண்ணி போகணும். 425 கிராம் டின்னை அப்படியே அடிகனமான சட்டியில் போட்டு, மிதமான தீயில் எட்டுப் பத்து நிமிஷம் கிளறுங்க. முதல்ல பொத்துப் பொத்துன்னு தெறிக்கும். அப்புறம் சத்தம் அடங்கி, வெளிர் ஆரஞ்சு நிறம் செம்பழுப்பாகும். கரண்டியால் கோடு போட்டால் அந்தக் கோடு மூடாம நிக்கும். அப்போ அடுப்பை அணைச்சு, ஒரு டீஸ்பூன் பட்டைத்தூள், அரை டீஸ்பூன் சுக்குத்தூள், துளி ஜாதிக்காய், ஒரு கிராம்பைப் பொடிச்சது, சிட்டிகை உப்பு, இரண்டு மேசைக்கரண்டி மேப்பிள் சிரப் சேர்த்து ஆற விடுங்க. உப்பை மறந்துடாதீங்க, அது இல்லாட்டி இனிப்பு எடுபடாது.

தயிருக்கு கிரீக் யோகர்ட், இனிப்புச் சேர்க்காதது. அது ஏற்கெனவே நீர் வடிச்சது, அதனால கெட்டியாவும் இருக்கும், புரதமும் அதிகம். கொழுப்பு நீக்காததை எடுங்க. பூசணிக்கு ஆரஞ்சு நிறம் தர்ற பீட்டா கரோட்டின்கிற சத்தை உடம்பு உறிஞ்சிக்கக் கொஞ்சம் கொழுப்பு வேணும். சாதாரண யோகர்ட்தான் இருக்குன்னா மெல்லிய துணியில் கட்டி, வடிகட்டியில் வெச்சு, ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் விடுங்க. வேலை முடிஞ்சது.

நல்லா ஆறினதும் கண்ணாடி டப்பாவில் பூசணி, தயிர், மறுபடி பூசணி, மேலே தயிர். சூடாப் போட்டால் தயிர் நீர்த்துடும். கிரானோலாவை (ஓட்ஸை இனிப்போடு மொறுமொறுன்னு வறுத்த கலவை) மட்டும் ராத்திரியே போடாதீங்க, காலையில் நமுத்துப் போய் சவசவன்னு இருக்கும். பல கிரானோலாவில் சர்க்கரையும் அதிகம். நான் வறுத்த பூசணி விதையும் பெக்கான் பருப்பும் ஒரு சின்ன டப்பாவில் தனியா எடுத்துட்டுப் போவேன். மென்மையான தயிருக்கு நடுவில் அந்த விதை கடிபடும்போதுதான் சாப்பிட்ட திருப்தியே வரும்.

ஒரு டின்னில் நாலு டப்பா ஆகும், மூணு நாள் தாங்கும். நாலாவதை அறைத்தோழருக்குக் கொடுத்துடுங்க. பாதிதான் கிண்டுறீங்கன்னா மீதியை டின்னிலேயே விடாம ஐஸ் தட்டில் ஊத்தி உறைய வைங்க, அடுத்த வாரம் வேணுங்கிற அளவு எடுத்துக்கலாம்.