கந்தசாமிப் பிள்ளையைக் கிண்டல் செய்கிறாரா?

கேள்வி: புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ படித்தேன். பிள்ளை நல்லவர், கெட்டவர் என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை, ஆனாலும் கிண்டல் தெரிகிறது. கதைசொல்லிக்கு அவரைப் பிடிக்குமா, பிடிக்காதா? எதை வைத்துக் கண்டுபிடிப்பது?
- வாசகி, கும்பகோணம்

பதில்: ரொம்பவே பிடிக்கும். முதல் வாக்கியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘மேலகரம் மே.க.ரா. கந்தசாமிப் பிள்ளையவர்கள்’ என்று கல்யாணப் பத்திரிகையில் அச்சடிப்பதுபோல ஊர், இனிஷியல், ‘அவர்கள்’ எல்லாம் போட்டு அழைத்துவந்து, பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடுகிற சந்தியில், ‘ஆபத்தில்லாத ஓரத்தில்’ நிறுத்திவிடுகிறார். அந்த ஓரம்தான் கிண்டல். இவ்வளவு பெரிய பெயருக்கு இவ்வளவு ஜாக்கிரதை! அப்புறம் அவர் ‘வெகு தீவிரமாக’ எதைச் சிந்திக்கிறார் என்று பார்த்தால், டிராமில் போனால் காலணா மிஞ்சும், வெற்றிலை பாக்குப் போடலாம். பஸ்ஸில் கண்டக்டரை ஏமாற்றி சென்ட்ரலைத் தாண்டி டிக்கெட் வாங்கினால் அரைக் கப் காப்பி உண்டு, ஆனால் வெற்றிலை கிடையாது.

இங்கேதான் நிதானமாகப் படிக்க வேண்டும். கருமி என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டிருக்கலாம், செய்யவில்லை. அந்தக் கணக்கைப் பிள்ளையின் மனசுக்குள்ளிருந்தே, அவர் பேச்சிலேயே காலணா பிசகாமல் சொல்கிறார். கண்டக்டரை ஏமாற்றுவதற்குக்கூட ஒரு கண்டனம் கிடையாது. 1943-இல் வந்த கதை, ஒரு சின்ன வைத்தியப் பத்திரிகையை நடத்திக்கொண்டு பட்டணத்தில் காலம் தள்ளுகிற மனிதருக்கு அந்தக் காலணா எத்தனை பெரிது என்று தெரிந்தவரால்தான் இப்படி எழுத முடியும். தோரணையைச் சீண்டுகிறார், இல்லாமையைத் தொடவே இல்லை.

கல்கியிடமும் இதைப் பார்க்கலாம். ‘பொன்னியின் செல்வ’னில் சண்டைக்கு நிற்கிற ஆழ்வார்க்கடியானைக் கட்டை, குட்டை என்கிறார், கூடவே ‘வைரம் பாய்ந்த திருமேனி’ என்றும் சொல்கிறார். ‘திருமேனி’க்கு நாம் சிரிக்கிறோம், அதில் ‘வைரம் பாய்ந்த’தைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். இவன் வெறும் கோமாளி இல்லை என்பதற்கு அங்கேயே துப்பு இருக்கிறது, முதன்மந்திரியின் ஒற்றன் என்பது பிறகுதான் தெரியவருகிறது.

நீங்களே ஒன்று செய்து பாருங்கள். ‘கந்தசாமிப் பிள்ளை பிராட்வே முனையில் நின்று யோசித்துக்கொண்டிருந்தார்’ என்று மொட்டையாக எழுதி மூலத்தின் பக்கத்தில் வையுங்கள். இதில் இல்லாமல் போனதையெல்லாம் குறித்துக்கொண்டால், கதைசொல்லியின் மனசு அதில்தான் இருக்கிறது.