ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் சஃபாரி: கேள்வி பதில்

தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா, நமீபியா, ஜிம்பாப்வே ஆகிய நாடுகளின் காடுகளுக்குச் செல்லத் திட்டமிடும் உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை ஏப்ரல், மே மாதங்களில்தான் கிடைக்கிறது. அப்போது போனால் விலங்குகளைப் பார்க்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் ஏப்ரலை விட மே மாதத்தின் பிற்பாதி நல்லது. அங்கே மழை பெரும்பாலும் நவம்பர் முதல் மார்ச் வரை பெய்கிறது. மே முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். காட்டுக்குள் தேங்கிய குட்டைகள் ஒவ்வொன்றாக வற்ற வற்ற, விலங்குகள் வற்றாத ஆறுகளையும் நீர்நிலைகளையும் தேடி வந்தாக வேண்டும் என்பதால், ஆகஸ்ட் இறுதியிலிருந்து அக்டோபர் வரை அவற்றைக் காண்பது மிக எளிது. அக்டோபர் வெயில் நம் ஊர் அக்னி நட்சத்திரத்துக்குச் சளைத்ததன்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். மே மாதத்தில் புல் சற்று உயரமாக இருக்கும். எனினும் வெயில் இதமாகவும் காடு பசுமை மாறாமலும் இருக்கும். அதிகாலையில் திறந்த ஜீப்பில் செல்லும்போது வீசும் காற்று எலும்பைத் துளைக்கும். கம்பளிக் குல்லாயும் கையுறையும் இல்லாமல் போகாதீர்கள்.

கேள்வி: போட்ஸ்வானாவின் ஒக்கவாங்கோ டெல்டாவில் படகில் செல்ல ஆசை. மழைக்காலத்தில் போனால்தான் தண்ணீர் இருக்கும் என்கிறார்கள். சரியா?

பதில்: இல்லை, அங்கே நிலைமை நேர்மாறானது. டெல்டாவை நிரப்பும் வெள்ளத்தின் பெரும்பகுதி போட்ஸ்வானாவில் பெய்யும் மழையிலிருந்து வருவதில்லை. வடக்கே அங்கோலாவின் மேட்டு நிலங்களில் பெய்த மழை குபாங்கோ, குயிட்டோ ஆறுகள் வழியாக இறங்கி, நமீபியாவின் குறுகிய நிலப்பட்டையைக் கடந்து, ஏறத்தாழச் சமதளமான மணல்வெளியில் மெல்ல மெல்லப் பரவுகிறது. தரையின் சரிவு அவ்வளவு குறைவாக இருப்பதால், அந்த நீர் டெல்டாவின் தென்கோடியில் உள்ள மவுன் நகரை எட்டுவதற்குள் ஜூன், ஜூலை ஆகிவிடும். சுற்றிலும் நிலம் காய்ந்து கிடக்கும் அந்த நேரத்தில்தான் டெல்டா நிறைந்திருக்கிறது. யானைகளும் எருமைகளும் அங்கே திரளக் காரணம் அதுவே. கடலைச் சென்று சேராமல் ஆவியாகியும் மணலில் இறங்கியும் முடிந்துபோகும் இந்த ஆற்றுப் பரப்பை யுனெஸ்கோ 2014இல் தன் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் 1000ஆவது இடமாகச் சேர்த்தது.

மொகோரோ என்னும் ஒடுக்கமான படகில், பின்னால் நின்று கழியால் உந்துபவரின் துணையோடு நாணல்களுக்கிடையே செல்வது தனி அனுபவம். ஆனால் எல்லா முகாம்களிலும் எல்லா மாதங்களிலும் அதற்குத் தண்ணீர் இருக்காது. முன்பதிவுக்கு முன், நீங்கள் செல்லும் மாதத்தில் அந்த முகாமில் படகு ஓடுமா என்று நேரடியாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பத்து நாள் விடுப்பில் குரூகர், ஒக்கவாங்கோ, விக்டோரியா அருவி, எட்டோஷா நான்கையும் பார்த்துவிடலாமா?

பதில்: பார்க்கலாம், பெரும்பாலும் விமான நிலையங்களை. பத்து நாளுக்கு இரண்டு இடங்கள் போதும். ஒவ்வோர் இடத்திலும் குறைந்தது மூன்று இரவுகளாவது தங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதல் நாள் கண்ணில் படாத சிறுத்தை மூன்றாம் நாள் அதே ஓடைக்கரையில் நிற்கக்கூடும். தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்கா மட்டுமே ஏறத்தாழ 20,000 சதுர கிலோமீட்டர். நமீபியாவின் எட்டோஷா பூங்கா மேற்கே வெகு தொலைவில் இருக்கிறது. அங்குள்ள ஒக்காவ்குவேயோ முகாமில் இரவு விளக்கொளியில் காண்டாமிருகங்கள் நீர் அருந்துவதைப் பார்ப்பதற்காகவே நமீபியாவுக்குத் தனியாக ஒரு பயணம் வைக்கலாம். போட்ஸ்வானாவின் சோபே தேசியப் பூங்காவையும் விக்டோரியா அருவியையும் இணைப்பது எளிது. பூங்காவை ஒட்டிய கசானே நகரிலிருந்து அருவிக்குச் சாலை வழியே இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம், எல்லைச் சாவடியில் வரிசை நீளாமல் இருந்தால். ஏப்ரல், மே மாதங்களில் அருவி பெருக்கெடுத்து, சாரலே பார்வையை மறைக்கும். அக்டோபர், நவம்பரிலோ ஜிம்பாப்வே, ஜாம்பியா எல்லையில் உள்ள அந்த அருவியின் ஜாம்பியா பக்கத்தில் வெறும் பாறைதான் பெரிதும் தெரியும்.

கேள்வி: குரூகரில் நாங்களே கார் ஓட்டிச் செல்லலாமா? யானைகளை நினைத்தால் அச்சமாக இருக்கிறது.

பதில்: தாராளமாகச் செல்லலாம். நம்மைப் போலவே அங்கும் சாலையின் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். முக்கியச் சாலைகள் தார்ச்சாலைகள், சாதாரணக் கார் போதும். தார்ச்சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டரும் மண்சாலையில் 40 கிலோமீட்டரும் வேக வரம்பு. அந்திக்குள் முகாமின் வாயில் அடைபடும். தாமதித்தால் அபராதம் உண்டு. அனுமதிக்கப்பட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் காரை விட்டு இறங்கக் கூடாது.

யானையைப் பற்றிய அச்சம் நியாயமானதே. கோயில் யானையைப் பார்த்துப் பழகிய நமக்கு, கன்னத்தில் நீர் வழிந்தால் மதம் என்று தோன்றும். ஆப்பிரிக்க யானைகளில் பெண்களுக்கும்கூடப் பரபரப்பில் கன்னச் சுரப்பி ஒழுகுவதுண்டு. எனவே அதை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. பெரிய ஆண் யானையின் பின்கால்களின் உட்புறம் சிறுநீர் சொட்டி நனைந்து கறுத்திருந்து, அது தலையை உயர்த்தி, தோளை ஆட்டியபடி சாலை நடுவே வந்தால், அதுதான் மதம். நின்று படம் எடுக்காமல், நிதானமாகப் பின்னோக்கி வந்து வழிவிடுங்கள். ஹாரன் அடிக்க வேண்டாம். குட்டிகளோடு வரும் கூட்டம் சாலையைக் கடக்கும்போது நடுவே புகுந்துவிடாதீர்கள்; கடைசி யானை பெரும்பாலும் புதருக்குள்ளிருந்து தாமதமாகத்தான் வரும்.

கேள்வி: நான்கு வயதுக் குழந்தையும் சைவ உணவு உண்ணும் பெற்றோரும் உடன் வருகிறார்கள்.

பதில்: குரூகர் நிர்வாகம் நடத்தும் திறந்த வண்டிச் சவாரிகளில் ஆறு வயதுக்குட்பட்டவர்களை ஏற்பதில்லை, தனியார் விடுதிகள் பலவற்றிலும் இதே போன்ற வயது வரம்பு உண்டு. ஆகவே உங்களுக்குச் சொந்தமாகக் கார் ஓட்டுவதே ஏற்றது. வேலியிட்ட அரசு முகாம்களில் சமையலறையோடு கூடிய குடில்கள் கிடைக்கும். குக்கரும் பருப்பும் கொண்டு சென்றால் உணவுக் கவலை தீர்ந்தது. மலேரியா இல்லாத இடம் வேண்டுமென்றால் தென்னாப்பிரிக்காவில் உள்ள பிலானெஸ்பெர்க், மடிக்வே, ஆடோ ஆகிய பூங்காக்களைப் பாருங்கள். குழந்தையோடு செல்பவர்களுக்கு நான் அவற்றையே முதலில் சொல்வேன்.

கேள்வி: தடுப்பு மருந்துகள்?

பதில்: குரூகர், சோபே, ஒக்கவாங்கோ மூன்றும் மலேரியா பகுதிகள். மருத்துவர் பெரும்பாலும் அட்டோவகோன்-புரோகுவானில் அல்லது டாக்சிசைக்ளின் தருவார். முன்னதை ஊர் திரும்பிய பின்னும் ஏழு நாளும், பின்னதை நான்கு வாரமும் விடாமல் உட்கொள்ள வேண்டும். திரும்பிய சில மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால், ஆப்பிரிக்கா சென்று வந்ததை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். நைரோபி அல்லது அடிஸ் அபாபா வழியாக விமானம் மாறினால், மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் விதிகளைப் பயணச்சீட்டு வாங்கும் முன்பே சரிபாருங்கள். அந்த ஊசியைப் பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்னதாகப் போட்டிருக்க வேண்டும்.

கேள்வி: பெட்டியில் என்ன எடுத்துச் செல்வது?

பதில்: டெல்டாவுக்குச் செல்லும் சிறு விமானங்களில் சக்கரம் வைத்த கடினப் பெட்டிகளை ஏற்றுவதில்லை, துணிப்பையில் 15 அல்லது 20 கிலோவுக்குள் அடக்குங்கள். ஆளுக்கு ஒரு பைனாகுலர் வேண்டும். இருவர் ஒன்றைப் பகிர்ந்தால் சிங்கம் மறையும் வரை சண்டைதான். தென்னாப்பிரிக்காவிலும் நமீபியாவிலும் பல இடங்களில் நம் வீட்டுக் கீசருக்குப் போடும் பெரிய மூன்று முள் பிளக்தான் பொருந்தும். அதற்கான அடாப்டர் நம் ஊர் மின்சாமான் கடையிலேயே மலிவாகக் கிடைக்கிறது.