‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’ 1939: சுருதி, வேகம், உணர்வு பற்றிய கேள்வி பதில்

அமெரிக்க ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே 1939 ஏப்ரல் 20 அன்று நியூயார்க்கில் பதிவு செய்த பாட்டு இது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களைக் கும்பலாகச் சேர்ந்து கொன்று மரத்தில் தொங்கவிட்ட கொடுமையைப் பற்றியது. கேள்விகளுக்கு வருவோம்.

அண்ணா, இது எத்தனை கட்டை? கீபோர்டில் எந்தக் கட்டையை அழுத்தினாலும் கொஞ்சம் தள்ளியே நிக்குது.

பி ஃப்ளாட் மைனர். நம் கணக்கில் ஆறரைக் கட்டை. தள்ளி நிற்பதற்குக் காரணம் உங்கள் காது இல்லை. நிமிஷத்துக்கு 78 முறை சுற்றும் அந்தக் காலத்து இசைத்தட்டை டிஜிட்டலாக மாற்றியவர் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்திருந்தாலும் சுருதி நகர்ந்துவிடும். சுமார் 6 சதவீதம் மாறினால் அரைக் கட்டையே போய்விடும். 3 சதவீதம் என்றால் இரண்டு கட்டைக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். கீபோர்டில் ஃபைன் டியூனிங் இருக்கும், அதைத் திருப்புங்கள். ஆனால் பில்லியின் குரலை வைத்துச் சேர்க்காதீர்கள், பியானோவை வைத்துச் சேருங்கள். அவர் ஸ்வரத்தைக் கீழிருந்து வழுக்கித்தான் பிடிப்பார்.

டெம்போ, அதாவது வேகம்? ஒரு ஆப் காட்டுவதைப் போல இரண்டு மடங்கை இன்னொன்று காட்டுகிறது.

மெதுவான பாட்டில் இது வழக்கமான குழப்பம். ஆப் பாதித் தட்டையும் முழுத் தட்டாக எண்ணிவிடும். குறைந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதையும் வேதவாக்காக நம்ப வேண்டாம். பியானோ முன்னுரை இழுத்து இழுத்து வருகிறது. குரல் வந்த பிறகும் சொல்லுக்குத்தான் தாளம் வழிவிடுகிறது. சீராகத் தட்டும் மெட்ரோனோம் கருவியை வைத்துப் பாடிப் பார்த்தால் இரண்டாவது வரியிலேயே மூச்சு முட்டும்.

இதை நடபைரவி ராகம் என்று சொல்லலாமா சார்?

மைனரின் மூன்றாம் ஸ்வரமான ‘சாதாரண காந்தாரம்’ கேட்கும், அதுவரை சரி. அடியில் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) மாறிக்கொண்டே இருக்கிற பாட்டுக்கு ராகப் பெயர் வைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகியும் பாட்டே ஆரம்பிக்கலையே?

10 அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷம், கொஞ்சம் கூடப் பிடிக்கும். பாட்டோ மூன்றே சரணம், பல்லவி கிடையாது. ஃப்ராங்கி நியூட்டன் ட்ரம்பெட்டை அடக்கி ஊதித் தொடங்குகிறார். அடுத்து சன்னி வைட் தனியாகப் பியானோ வாசிக்கிறார். இடத்தை நிரப்பச் செய்த ஏற்பாடு என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பலன் வேறு. குரல் எப்போது வரும் என்று காத்திருந்து காத்திருந்து, வரும்போது நிமிர்ந்து உட்கார்ந்திருப்போம். இந்த முன்னுரையை வெட்டிவிட்டுப் பகிர்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு.

சோகப் பாட்டு என்றார்கள். அழுகையே இல்லையே?

இல்லைதான். மைனர் சுருதி என்பதாலேயே சோகம் வந்துவிட்டது என்று பலர் எழுதுகிறார்கள், எனக்கு ஒப்புதல் இல்லை. மைனரில் குதியாட்டம் போடுகிற ஜாஸ் பாட்டு எத்தனையோ உண்டு. இங்கே வேலை செய்வது அடக்கம். அப்போது பில்லிக்கு 24 வயது. மற்ற பாட்டுகளில் தட்டுக்குப் பின்னால் சோம்பலாக வந்து சேர்ந்து மயக்குகிறவர், இதில் அந்த விளையாட்டை விட்டுவிட்டு, கண்ணால் கண்டதைச் சாட்சி சொல்கிற மாதிரி ஒவ்வொரு சொல்லையும் தெளிவாக வைக்கிறார். தெற்கத்திச் சீமையின் அழகைச் சொல்லும் வரியில் குரல் இனிக்கிறது. அடுத்த வரியில் பிணத்தின் முகம் வருகிறது, குரல் மாறவில்லை. பயமே அதில்தான். கடைசிச் சொல்லை மட்டும் மேலே தூக்கி விடுகிறார். ஆதார ஸ்வரத்துக்கு வந்து ஓய்வதில்லை.

கஃபே சொசைட்டி என்ற கிளப்பில் இதைக் கடைசியாகத்தான் பாடுவார். பரிமாறுவதை நிறுத்தி, விளக்கெல்லாம் அணைத்து, முகத்தில் மட்டும் ஒரு வெளிச்சம் விடுவார்கள். பாடி முடித்ததும் மேடையை விட்டுப் போய்விடுவார், கைதட்டலுக்குத் திரும்பி வரமாட்டார்.

அவரது இசைத்தட்டு நிறுவனமான கொலம்பியா இதை ஏன் வெளியிடவில்லை?

தெற்கில் எதிர்ப்பு வரும் என்ற பயம். அந்த ஒரு பதிவுக்கு மட்டும் அவரை விட்டுக்கொடுத்தார்கள். மில்ட் கேப்ளர் என்ற இசைத்தட்டுக் கடைக்காரர் தன் கொமடோர் லேபிளில் போட்டார்.

1956 பதிவும் இருக்கிறதே, எதை முதலில் கேட்பது?

1939. பின்னதில் குரல் தேய்ந்திருக்கிறது, சார்லி ஷேவர்ஸின் ட்ரம்பெட் ஓங்கி முழங்குகிறது. நாடகம் கூடிவிட்டது, எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. குரலின் தேய்மானம் பிடித்தவர்களுக்கு அதுவே பெரிது. 1939 தட்டின் மறுபக்கத்தில் ‘ஃபைன் அண்ட் மெல்லோ’ என்ற ப்ளூஸ் பாட்டு இருக்கிறது, அதையும் விட்டுவிடாதீர்கள். ஜூக்பாக்ஸில் காசு போட்டவர்கள் தேடியது அந்தப் பக்கத்தைத்தான்.