எடை 78-இல் நின்றுவிட்டதா, சகோதரி?

மூன்று மாதத்தில் 84 கிலோவிலிருந்து 78-க்கு வந்தீர்கள், சோற்றைப் பாதியாக்கி, தேவிபட்டினம் கடற்கரையில் தினமும் 45 நிமிடம் நடந்தும் ஆறு வாரமாக முள் நகரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். மனம் தளர வேண்டாம். எடை குறைந்த உடம்புக்குத் தேவையும் குறைந்துவிடும். அன்று எடையைக் குறைத்த அதே சாப்பாடு இன்று அதைத் தாங்கிப் பிடிக்கத்தான் சரியாக இருக்கிறது.

நான் முதலில் பார்ப்பது எண்ணெயைத்தான். சோறு குறைந்தது சரி, பக்கத்தில் பொரித்த மீன் எத்தனை துண்டு? ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 120 கலோரி. உங்கள் நடை முழுவதும் சேர்த்தே ஏறக்குறைய 200தான் செலவாகும். நான்கு வேளை டீ, வேளைக்கு இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் அதுவே 130-ஐத் தொடும். கருப்பட்டி போட்டாலும் கணக்கு பெரிதாக மாறாது. நம்மூரில் நிறையப் பேர் இங்கேதான் ஏமாறுகிறோம். மீனை விட்டுவிடாதீர்கள், அதன் புரதம் பசியை அடக்கும். தேங்காய் குறைத்த குழம்பாகவோ, கல்லில் லேசாக எண்ணெய் தடவி வாட்டியோ சாப்பிடுங்கள்.

கருவாடு சாப்பிட்ட மறுநாள் எடை பார்க்காதீர்கள். உப்பு நீரைப் பிடித்துவைக்கும், அது கொழுப்பல்ல. வாரம் ஒருமுறை இடுப்பளவும் எடுங்கள். வாரம் இரண்டு நாள் உட்கார்ந்து எழும் பயிற்சி செய்தால் தசை கரையாமல் இருக்கும்.

சோர்வு, முடி கொட்டுதல், மாதவிலக்குக் கோளாறு இருந்தால் தைராய்டு பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். அப்புறம், இரவில் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்? அதை நீங்கள் எழுதவில்லையே.