ஸ்பானியத் தொலைக்காட்சி யாரைப் பிரிக்கிறது?

கேள்வி: அமெரிக்காவில் யூனிவிஷன் என்ற தொலைக்காட்சி முழுக்க முழுக்க ஸ்பானிய மொழியிலேயே நடப்பதாகப் படித்தேன். பிழைக்கப் போன நாட்டின் மொழியைக் கற்றுக்கொள்ளாமல், ஊரிலிருந்து கொண்டுவந்த மொழியிலேயே செய்தியும் நாடகமும் பார்த்துக்கொண்டிருந்தால், அந்த மக்கள் என்றைக்கு அந்த நாட்டோடு ஒன்றுவார்கள்? இத்தகைய தொலைக்காட்சி அவர்களுக்குச் செய்வது நன்மையா, தீமையா?
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: 'பிழைக்கப் போன நாடு', 'கொண்டுவந்த மொழி' என்ற இரண்டு சொற்களிலேயே உங்கள் கேள்வி வழுக்கிவிடுகிறது. யூனிவிஷனின் வேர் இருப்பது டெக்சஸ் மாநிலத்தின் சான் ஆன்டோனியோ நகரத்தில். அது 1718-இல் ஸ்பானியர் நிறுவிய ஊர். அமெரிக்கா என்ற நாடு பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்பே அங்கே ஸ்பானிய மொழி பேசப்பட்டது. 1836 வரை மெக்சிகோவின் பகுதியாக இருந்த அந்த மண்ணில், பல குடும்பங்கள் இடம் பெயரவே இல்லை. அவர்கள் இருந்த இடத்திலேயே இருக்க, நாட்டின் எல்லைதான் அவர்களைத் தாண்டிப் போனது. அவர்களுக்குப் பின் மெக்சிகோ, கியூபா, போர்ட்டோ ரிக்கோ, மத்திய அமெரிக்கா எனப் பல இடங்களிலிருந்து வந்து சேர்ந்தவர்கள் பல லட்சம் பேர் என்பது உண்மை. ஆனால் அந்த மொழியை விருந்தாளியின் மொழி என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

அந்த நகரத்தில் 1955-இல் ராவுல் கோர்டெஸ் என்பவர் கே.சி.ஓ.ஆர். என்ற தொலைக்காட்சி நிலையத்தைத் தொடங்கினார். பெயரின் பின் மூன்று எழுத்துகள் அவருடைய பெயரிலிருந்து வந்தவை. அமெரிக்க மாநிலங்களில் ஸ்பானிய மொழிக்கென்றே நடந்த முதல் தொலைக்காட்சி நிலையம் அதுதான். டெக்சஸ் பள்ளிகளில் ஸ்பானிய மொழி பேசிய பிள்ளைகளுக்கு அடியும் அபராதமும் விதித்துக்கொண்டிருந்த காலம் அது என்பதை மறந்துவிடக் கூடாது. நிலையத்துக்குக் கிடைத்த அலைவரிசை 41. அன்றைய தொலைக்காட்சிப் பெட்டிகளில் பெரும்பாலானவை 2 முதல் 13 வரையிலான அலைவரிசைகளை மட்டுமே பிடிக்கும். 41-ஐப் பார்க்க வேண்டுமென்றால் தனியாக ஒரு மாற்றிப் பெட்டியைக் காசு கொடுத்து வாங்கி, தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்துக்கொள்ள வேண்டும். தன் மொழியை ஒருமுறை திரையில் கேட்பதற்காகக் கூலிக் குடும்பங்களும் கூடுதலாகச் செலவழிக்க வேண்டியிருந்தது. இந்தச் சுமையும், விளம்பரதாரர்களின் அலட்சியமும் சேர்ந்து கோர்டெஸை நெருக்கின. 1961-இல் அவர் நிலையத்தை விற்றார். வாங்கிய குழுவின் பின்னணியில் மெக்சிகோவின் ஊடகப் பெருமுதலாளி எமிலியோ அஸ்காரகா இருந்தார். அந்த விற்பனையிலிருந்து வளர்ந்த வலையமைப்புதான் 1987-இல் யூனிவிஷன் என்ற பெயரைப் பெற்றது.

இனி, 'நாட்டோடு ஒன்றுதல்' என்பதற்கு வருவோம். 2007-இல் யூனிவிஷன் பல அமைப்புகளுடன் சேர்ந்து, குடியுரிமைக்குத் தகுதியிருந்தும் விண்ணப்பிக்காதவர்களை விண்ணப்பிக்கச் சொல்லி ஓர் இயக்கம் நடத்தியது. எந்தப் படிவம், எவ்வளவு கட்டணம், தேர்வில் என்ன கேட்பார்கள் என்பதையெல்லாம் அவர்களுக்குப் புரியும் மொழியில் விளக்கியது. முந்தைய ஆண்டில் 7.3 லட்சமாக இருந்த விண்ணப்பங்கள் அந்த ஆண்டில் ஏறத்தாழ 13.8 லட்சமாக உயர்ந்தன. கட்டணம் உயரப்போகிறது என்ற அறிவிப்பும் இதற்கு முக்கியமான காரணம் என்பதால், முழுப் பெருமையையும் தொலைக்காட்சிக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் மக்களைக் குடிமக்களாகுங்கள் என்று அழைத்த ஒரு நிறுவனத்தை, நாட்டிலிருந்து அவர்களைப் பிரித்து வைப்பதாக எப்படிக் குற்றம் சாட்டுவது?

அதே 2007 செப்டம்பரில் மயாமி பல்கலைக்கழகத்தில் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர்களை யூனிவிஷன் மேடையேற்றியது. யூனிவிஷனின் செய்தி வாசிப்பாளர்களான ஹோர்ஹே ராமோஸும் மரியா எலெனா சலினாஸும் ஸ்பானிய மொழியில் கேள்வி கேட்க, ஹிலாரி கிளிண்டனும் ஒபாமாவும் காதில் கருவியை மாட்டிக்கொண்டு மொழிபெயர்ப்பைக் கேட்டு ஆங்கிலத்தில் பதில் சொன்னார்கள். அன்றைய நியூ மெக்சிகோ ஆளுநரும் வேட்பாளர்களில் ஒருவருமான பில் ரிச்சர்ட்சன், மெக்சிகோத் தாய்க்குப் பிறந்து ஸ்பானிய மொழியைச் சரளமாகப் பேசியவர். எல்லோரும் ஆங்கிலத்தில்தான் பதிலளிக்க வேண்டும் என்ற விதி தம்மைத் தடுப்பதை அவர் மேடையிலேயே வருத்தத்தோடு குறிப்பிட்டார். நாட்டை ஆள விரும்பியவர்கள் காதில் கருவியோடு ஒரு மக்களின் கேள்விக்காகக் காத்திருந்த அந்த மாலையைவிட ஒன்றுதலுக்கு வேறு சான்று எனக்குத் தேவையில்லை.

இந்த இடத்தை யாரும் சும்மா தூக்கிக் கொடுத்துவிடவில்லை. லாஸ் ஏஞ்சலிஸில் இதே வலையமைப்பைச் சேர்ந்த கே.எம்.இ.எக்ஸ். நிலையத்தின் செய்தி இயக்குநராக இருந்த ரூபன் சலசார், 1970 ஆகஸ்ட் 29 அன்று, வியட்நாம் போருக்கு எதிராக மெக்சிக அமெரிக்கர்கள் நடத்திய பேரணியைப் பதிவு செய்யப் போனார். களைப்பாற ஒரு மதுக்கடைக்குள் அமர்ந்திருந்தவர், ஷெரிப் துறைக் காவலர் உள்ளே சுட்ட கண்ணீர்ப்புகைக் குண்டு தலையில் பாய்ந்து இறந்தார். அந்தச் சாவுக்காக எவர்மீதும் வழக்குத் தொடரப்படவில்லை.

ஆகவே, யூனிவிஷன்மீது கேள்வி எழுப்ப வேண்டுமென்றால், அதன் மொழியை விட்டுவிட்டு அதன் உரிமையாளர்களைப் பற்றிக் கேளுங்கள். அங்கேதான் எனக்கும் கவலை இருக்கிறது. 1986-இல், மெக்சிகோவின் அன்றைய ஆளுங்கட்சிக்கு இணக்கமானவராக அறியப்பட்ட செய்தியாளர் ஹாகோபோ சப்லுடோவ்ஸ்கியை இந்த வலையமைப்பின் செய்திப் பிரிவுக்குத் தலைவராக்க முதலாளிகள் முயன்றார்கள். செய்தி இயக்குநர் குஸ்தாவோ கோதோய் பதவி விலகினார், அவரோடு பல செய்தியாளர்களும் வெளியேறினார்கள், முயற்சி கைவிடப்பட்டது. அந்த ஆண்டில் வந்த, வெளிநாட்டவரின் கட்டுப்பாடு சட்டத்துக்கு முரணானது என்ற தீர்ப்பின் விளைவாக நிலையங்களையும் விற்க வேண்டியதாயிற்று. பிறகு பல கைகள் மாறி, 2022-இல் மெக்சிகோவின் ஊடக நிறுவனமான தெலேவிசாவோடு இணைந்து தெலேவிசாயூனிவிஷன் ஆகியிருக்கிறது.

இணைப்புக்கு மறு ஆண்டான 2023 நவம்பரில் டிரம்பை எடுத்த பேட்டியில், அவர் சொன்னவற்றை மறித்துக் கேட்கவில்லை என்று கடுமையான கண்டனம் எழுந்தது. குடியேறியவர்களைப் பற்றி அவர் பேசியவற்றுக்காக 2015-இல் அவரிடம் கேள்வி கேட்கப்போய், செய்தியாளர் சந்திப்பிலிருந்தே வெளியேற்றப்பட்டவர் ஹோர்ஹே ராமோஸ். தம் நிறுவனத்தின் அந்தப் பேட்டியைப் பற்றி, இப்படிக் கேள்வி கேட்காமல் விடுவது ஆபத்து என்று அவரே வெளிப்படையாக எழுதினார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பணியாற்றிய அந்த நிறுவனத்திலிருந்து 2024 முடிவில் அவர் விலகிவிட்டார். அவர் அமர்ந்திருந்த நாற்காலியிலிருந்து இனி என்னென்ன கேள்விகள் கேட்கப்படுகின்றன, என்னென்ன விடப்படுகின்றன என்பதைத்தான் நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.