ஹீட்டர் இல்லாத தொட்டியில் ஃபைட்டரும் நியானும் பழகிக்கொள்ளுமா?

கேள்வி: எங்கள் 60 லிட்டர் மீன்தொட்டியில் ஹீட்டர் இல்லை. குளிர்காலத்தில் விடியற்காலையில் தண்ணீர் 17 டிகிரி வரை இறங்குகிறது. பத்து நியான் டெட்ராக்களும் ஒரு ஃபைட்டரும் வளர்க்கிறேன். நாளடைவில் பழகிவிடும் என்று கடைக்காரர் சொன்னார். ஆனால் ஒரு வாரமாக அவை சரியாகத் தின்னாமல் அடியிலேயே ஒதுங்கிக் கிடக்கின்றன. என்ன செய்யலாம்?

பதில்: அவை பழகப் போவதில்லை. நியானுக்குத் தண்ணீர் 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகக் கூடாது; ஃபைட்டருக்கு 24 டிகிரியாவது வேண்டும். தண்ணீரின் சூடுதான் மீனின் உடற்சூடு என்பதால், தொட்டி குளிரும்போது செரிமானமும் நோயை எதிர்க்கும் ஆற்றலும் சேர்ந்தே மந்தமாகின்றன. வெப்பநிலையைத் தானே கட்டுப்படுத்தும் 75 அல்லது 100 வாட் ஹீட்டர் ஒன்றைப் பொருத்தி, நாளுக்கு ஒன்றிரண்டு டிகிரியாக உயர்த்தி, 25 டிகிரியில் நிலைநிறுத்துங்கள். அதுவரை தீனியைப் பாதியாகக் குறையுங்கள். வடிகட்டியில் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாக்களும் குளிரில் மெதுவாகவே வேலை செய்வதால், மிஞ்சிய தீனி அழுகித் தண்ணீரை நஞ்சாக்கும்.

ஃபைட்டரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். அது சிறு கோப்பையில் உயிரோடு இருப்பதைக் காட்டி, 'எதையும் தாங்கும் மீன்' என்று விற்கிறார்கள். அதன் தலையில் காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பு ஒன்று இருக்கிறது. ஆக்சிஜன் குறைந்த நீரில் அது பிழைப்பதற்கு அதுவே காரணம். குளிரைத் தாங்குவதற்கும் அந்த உறுப்புக்கும் தொடர்பே இல்லை. அதே உறுப்புள்ள, அதே குடும்பத்தைச் சேர்ந்த பாரடைஸ் மீன் 16 டிகிரியிலும் நலமாக இருக்கும், ஏனெனில் அது குளிர்காலம் உள்ள பகுதிகளிலும் வாழ்ந்துவந்த இனம்; ஃபைட்டர் அப்படி வந்ததல்ல. மேலும், ஃபைட்டர் மேலே வந்து இழுக்கும் காற்றும் குளிர்ந்திருக்கக் கூடாது என்பதால், தொட்டிக்கு மூடி அவசியம்.

ஹீட்டரே வேண்டாம் என்றால் மீனைத்தான் மாற்ற வேண்டும். உங்கள் தொட்டிக்கு ஒயிட் கிளவுட் என்னும் சிறு மீன் மிகப் பொருத்தம். வீட்டில் குளிர் 18 டிகிரியோடு நின்றால் ஜீப்ரா டேனியோவும் சரிப்படும். தங்கமீனைத் தருவார்கள், வாங்காதீர்கள். குளிரை அது தாங்கும், ஆனால் 60 லிட்டர் அதற்குப் போதாது. கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லிக் கூடவே தள்ளிவிடும் சக்கர் மீனோ வெப்பநீர் இனம், ஓரடிக்கு மேல் வளரும். தொட்டிதோறும் விலையை எழுதி ஒட்டுகிறவர்கள் பக்கத்தில் வெப்பநிலையை எழுத மறுப்பது எனக்குப் பொறுக்கவில்லை. ஒரே ஒரு எண் அது. அது இல்லாததால்தான் வெந்நீர்த் தொட்டியில் வளர்ந்த மீன் அன்றிரவே குளிர்ந்த தொட்டிக்குப் போய்ச் சேருகிறது.

மீன்மீது உப்புத்தூள் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் தோன்றினால் மட்டும் கவனம். அதற்கான மருந்து, ஒட்டுண்ணி உடலைவிட்டு நீரில் நீந்தும் பருவத்தில்தான் அதைக் கொல்லும். 25 டிகிரியில் ஏறக்குறைய ஒரு வாரத்தில் முடியும் அதன் வாழ்க்கைச் சுழற்சி, குளிரில் பல வாரங்கள் இழுக்கும். ஆகவே நியானுக்கும் ஃபைட்டருக்கும் முதலில் தண்ணீரின் சூட்டைச் சரிசெய்யுங்கள், பிறகு மருந்தைத் தொடங்குங்கள், புள்ளிகள் மறைந்தவுடன் நிறுத்திவிடாமல் மேலும் சில நாட்கள் தொடருங்கள்.