ஹங்கேரி வாள்வீச்சு வீரர் ஆரோன் சிலாட்யிக்கு இணையத்தில் இத்தனை ரசிகர்கள் சேர்ந்தது முக அழகால்தானே?

முகக் கவசத்தைக் கழற்றிவிட்டு அவர் கத்துகிற காணொளியைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அழகானவர்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆட்டம் முழுவதும் அந்த முகம் கம்பிவலைக்குள் அல்லவா இருக்கிறது?

நான் புடாபெஸ்டில் வேலை பார்க்கிறேன். 2021 ஜூலை 24 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கின் சேபர் (வாள்வீச்சின் மூன்று பிரிவுகளில் ஒன்று) இறுதி ஆட்டத்தைப் பக்கத்து வீட்டுப் பாட்டியின் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எண்பதை நெருங்கியவர். சேபரில் பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் விளக்கு எரியும். தாக்குதலை முதலில் தொடங்கியவர் யார் என்று பார்த்து, நடுவர் ஒருவருக்குப் புள்ளி கொடுப்பார். எனக்கு விளக்குகளைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பாட்டியோ நடுவரின் கை உயர்வதற்குள் "ஆரோன்" என்பார், அல்லது உதட்டைப் பிதுக்குவார். இரண்டே முறைதான் அவர் கணிப்பு தப்பியது.

"வாளைப் பார்க்காதே, காலைப் பார்" என்றார். பார்த்தேன். சிலாட்யி அரையடி பின்வாங்குகிறார். எதிராளியின் வாள் ஒரு சாண் எட்டாமல் காற்றில் போகிறது. அந்த இடைவெளியில் இவருடைய வெட்டு விழுந்துவிடுகிறது. இத்தாலியின் சமேலேயை 15-7 என்று வென்றார். லண்டன், ரியோவைத் தொடர்ந்து மூன்றாவது தனிநபர் தங்கம். சேபரில் அதற்கு முன் யாரும் அதைச் செய்ததில்லை. பாட்டி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே பழைய ஹங்கேரி சேபர் வீரர் கெரேவிச்சைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஐம்பது வயதில் தங்கம் வென்றவர் அவர். 1928 முதல் அந்த ஆண்டு வரை சேபர் குழுப் போட்டியில் தொடர்ந்து ஏழு ஒலிம்பிக் தங்கம் வாங்கிய நாடு இது. இப்படிப்பட்ட வீடுகளிலிருந்துதான் சிலாட்யியின் முதல் ரசிகர்கள் வந்தார்கள். முகத்துக்காக வந்தவர்கள் பிறகு சேர்ந்தவர்கள்.

ஹங்கேரியில் சம்பளம் வாங்குவதால் தூக்கிப் பிடிக்கிறான் என்று யாராவது எழுதுவார்கள். எழுதட்டும். 2024-இல் பாரிஸில் தனிநபர் பிரிவின் முதல் ஆட்டத்திலேயே கனடா வீரரிடம் தோற்றார் என்பதும் எனக்குத் தெரியும். அன்று "கதை முடிந்தது" என்று எழுதியவர்கள், நான்கே நாளில் அவர் குழுவோடு இறுதி ஆட்டம் வரை போய், தென்கொரியாவிடம் 45-41 என்று தோற்று வெள்ளி வாங்கியதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடந்து உறுத்துகிறது. டோக்கியோவில் சிலாட்யி வென்று இரண்டு நாள் கழித்து, பெண்கள் சேபர் பிரிவில் சென்னையின் பவானி தேவி ஆடினார். ஒலிம்பிக் வாள்வீச்சில் ஆடிய முதல் இந்தியர். முதல் ஆட்டத்தில் 15-3 என்று வென்று, அடுத்ததில் பிரான்சின் புரூனேயிடம் 7-15 என்று தோற்றார். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்தது ஒரே வரி: "தோற்றுவிட்டாளாம்." அந்த 15-3 ஒருவர் கண்ணிலும் படவில்லை. அதே குழுவில்தான் இன்றும் சிலாட்யி கவசத்தைக் கழற்றுகிற காணொளியை மாதம் ஒரு முறையாவது யாராவது அனுப்பிவிடுகிறார்கள்.